கோட்டுக்கு வெளியே ஒரு கால்

இலக்கியம் பேசுமிடத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சூத்திரமொன்றுக்குப் பொருள் காணும் சிக்கல் இது. ஆகவே உரையாசிரியர்கள் உலவிய களந்தான் என்பது நம் விடை.

கள்ளக்குறிச்சிப் பக்கம், மேற்கே கல்வராயன் மலை தெரியும் அறுவடை முடிந்த வயலொன்றில், சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களின் ஆட்டத்துக்கு நாம் நடுவராக நின்றோம். பந்துவீச ஓடிவந்த மாணவன் வீசாமல் நம் பக்கத்து ஸ்டம்பைத் தட்டினான். மறுமுனை ஆட்டக்காரன் கோட்டை விட்டு ஓரடி முன்னே போயிருந்தான். 'இது அழகல்ல' என்று அவுட் தர மறுத்தோம். "கோட்டுக்கு வெளியே நின்றவன் அவன், அழகில்லாதவன் நானா, ஐயா?" என்றான் அந்த மாணவன். அக்கேள்வி இன்னும் உறுத்துகிறது.

1947 டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்டில் வினு மன்கட், பில் பிரவுனை இவ்வாறுதான் வெளியேற்றினார். பிராட்மனே மன்கட் பக்கம் நின்று எழுதினார்; ஆயினும் அவர் பெயர் ஒரு வசவாக நிலைத்துவிட்டது. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், ஜோஸ் பட்லரை வெளியேற்றியபோதும் அதே கூச்சல். மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். விதிகளை வகுக்கும் எம்.சி.சி. முதலில் அதை விதிக்குட்பட்டது என்றது. பின்னர் அஸ்வின் தாமதித்தது மிகுதி, ஆட்டப் பண்புக்கு ஒவ்வாது என்றது.

முடிச்சு ஒரு தொடரில் இருக்கிறது. பந்து கையை விட்டுப் போகுமென இயல்பாக எதிர்பார்க்கத்தக்க கணம் வரை ரன் அவுட் செய்யலாம் என்பது 2017 தொகுப்பின் விதி. வீசப்படாத பந்து எக்கணத்தில் வீசப்பட்டிருக்கும்? எய்யாத அம்பு வில்லை விட்ட நேரத்தை நடுவர் சொல்ல வேண்டும். அக்கணத்தில் பட்லர் உள்ளே இருந்தாரா என்று வாதிடலாம், அது உரைவேறுபாடு. அஸ்வின் பண்பாளரா என்று வாதிடுவது, நச்சினார்க்கினியர் மீது அறிஞர்கள் சாட்டும் குற்றம் போல, நூற்பாவில் இல்லாததை வலிந்து கொள்வது.

பேஸ்பாலில், வீசும் அசைவைத் தொடங்கிவிட்டு வீசாமல் நிறுத்தி, தளத்தில் நிற்பவரை ஏமாற்றுவது 'பால்க்' என்னும் குற்றம். தளங்களில் நிற்போர் ஒரு தளம் முன்னேறுவர். குற்றமும் தண்டனையும் எழுத்திலேயே உள்ளன. அசைவைப் படிப்பதில் நடுவர்கள் மாறுபடலாம். பண்பைத் தேடி விதிக்கு வெளியே போக வேண்டியதில்லை.

கிரிக்கெட்டும் மெல்லத் திருந்துகிறது. 2022 அக்டோபர் 1 முதல் இவ்விதி 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து 'ரன் அவுட்' பகுதிக்கு மாறியது. 2023 ஜனவரி 3 அன்று மெல்போர்னில் ஆடம் ஸாம்பா இவ்வகையில் ஸ்டம்பைத் தட்டியபோது, அவர் கை உச்சியைக் கடந்துவிட்டதென்று அவுட் மறுக்கப்பட்டது. நடுவர் பார்த்தது கையை, குணத்தையன்று. அம்மாதமே எம்.சி.சி. விதியின் சொற்களையும் தெளிவாக்கியது.

ஒரு விதி பிடிக்கவில்லையென்றால் அதைத் திருத்தலாம். அதை வைத்துக்கொண்டே, அதன்படி நடந்தவனை இழிந்தவனாக்குவது நீதியன்று. அந்த மாணவனுக்கு நாம் ஒரு விக்கெட் கடன்பட்டிருக்கிறோம்.