செயலி சரி, மறுமுனையில் யார்?

வயிற்று வலி என்றால் எல்லோரிடமும் ஒரு கை வைத்தியம் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தோடு ரத்தம், எடை குறைவு, தீராத அசதி என்றால் அது வேறு கதை. க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐ.பி.டி. என்கிறார்கள். பலருக்கு இது கல்லூரியில் படிக்கும் வயதில், வேலை தேடும் வயதில் தொடங்குகிறது. அடியோடு போக்கும் மருந்து கிடையாது, அடக்கி வைக்கத்தான் மருந்து உண்டு. சில மாதம் சும்மா இருக்கும், திடீரென்று கிளம்பும்.

சிக்கல் என்னவென்றால், அது டாக்டர் தேதி கொடுத்த நாளாகப் பார்த்துக் கிளம்புவதில்லை. "போன மூன்று மாதம் எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? கூச்சம் வேறு. தலைவலி என்று லீவு சொல்வது சுலபம். ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிவறைக்குப் போவதை எப்படிச் சொல்வது? செல்போன் செயலி உதவுவது இங்கேதான். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே, யார் முகத்தையும் பார்க்காமல் குறித்துவிடலாம்.

இதனால் பலன் உண்டா? நெதர்லாந்தில் 4 மருத்துவமனைகளில் 909 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு 'மை ஐ.பி.டி. கோச்' என்ற வசதி, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருடத்தில் மருத்துவமனைக்கு நேரில் வந்தது, செயலி வைத்திருந்தவர்கள் சராசரியாக 1.55 தடவை, மற்றவர்கள் 2.34 தடவை. உள்நோயாளியாகச் சேர்ந்ததும் ஏறக்குறைய பாதிதான். சிகிச்சையின் தரத்துக்கு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் "ஆளுக்கொரு செயலி கொடுத்தால் போதுமே" என்று தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்த வசதியில் நோயாளி மாதம் ஒருமுறை கேள்விகளுக்குப் பதில் தருவார். பதில் சரியில்லை என்றால் மருத்துவமனைக்கு எச்சரிக்கை போகும், நர்ஸ் தொடர்பு கொள்வார். அதாவது மறுமுனையில் ஒரு மனுஷி இருந்தார்.

அமெரிக்காவில் 348 பேரிடம், குறுஞ்செய்தி மூலம் கேள்வி கேட்டு நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நோயின் தீவிரத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ வழக்கமான சிகிச்சையைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. மருத்துவமனையில் சேர்வது குறைந்தது, ஆனால் தொலைபேசி அழைப்புகள் கூடின. வணிகவியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். வேலை மறையவில்லை, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறியிருக்கிறது. காத்திருப்பு அறையிலிருந்து நர்ஸின் மேஜைக்கு! அந்த நர்ஸுக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

மறுமுனையில் ஆளில்லாத செயலி வெறும் டைரி. டைரிக்கு ஒரு எல்லை உண்டு. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதே உள்ளே குடல் புண்ணாகிக் கொண்டிருக்கலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் அது தெரியவரும். வீட்டிலேயே சோதித்து செல்போன் கேமராவால் அளவெடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அளவு கூடியிருந்தால் மருந்தை மாற்றச் சொல்ல டாக்டர் வேண்டுமே?

இன்னொன்று, 'இலவசம்' என்ற சொல். 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், மருந்து விலை தள்ளுபடி தரும் 'குட்ஆர்எக்ஸ்' நிறுவனம் பயனாளர்களின் உடல்நல விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமல் 15 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூசுகிற விஷயம் விளம்பரக்காரர் கைக்குப் போனால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே செயலி வேண்டாம் என்பதல்ல வாதம். கட்டாயம் வேண்டும். ஆனால் இறக்கிக்கொள்வதற்கு முன் இரண்டு கேள்விகள். இதில் எழுதுவதை யார் படிப்பார்கள்? ரத்தம் வந்தது என்று நள்ளிரவில் எழுதினால், மறுநாள் காலையில் யார் கூப்பிடுவார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். அது யாரிடமும் போய்ச் சொல்லாது.