தெருக் கம்பத்துப் பெட்டியால் வந்த தகராறு

தெருவில் டிரான்ஸ்பார்மர் பெட்டி இருக்கும். 'உம்' என்று இரவு பகலாக முனகிக் கொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்குள் எந்த உலோகத்தை வைப்பது என்று அமெரிக்காவில் பெரிய தகராறு நடந்தது. பார்லிமெண்டு மெம்பர்கள், தொழிலாளர்கள், மின்சாரக் கம்பெனிகள் எல்லோரும் அதில் இறங்கினார்கள்.

பெட்டிக்குள் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 தடவை முன்னும் பின்னும் மாறி ஓடுகிறது. காந்தமும் கூடவே திரும்ப வேண்டும். இரும்பு லேசில் திரும்பாது, முரண்டு பிடிக்கும், சூடாகும். அந்தச் சூடு அத்தனையும் வீண் மின்சாரம். ஊரே விளக்கை அணைத்துத் தூங்கினாலும் இந்தச் செலவு நிற்காது.

ஏன் முரண்டு? சாதாரண உருக்கில் அணுக்கள் வரிசை வரிசையாக, பரல் பரலாக நிற்கின்றன. காந்தம் திரும்பும்போது அங்கே தடங்கல்.

1960-ல் கலிபோர்னியாவில் பேராசிரியர் போல் டூவெஸ் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தங்கமும் சிலிக்கனும் சேர்ந்த குழம்பைக் கண் இமைக்குமுன் குளிர வைத்தார்கள். வரிசையில் நிற்க அணுக்களுக்கு நேரமில்லை. போட்டது போட்டபடி உறைந்து விட்டன. கண்ணாடியிலும் அணுக்கள் இப்படித்தான். ஆகவே 'கண்ணாடி உலோகம்' என்று பெயர். அதற்காக, மறுபக்கம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது!

பின்னர் இரும்பு, போரான், சிலிக்கன் கலந்த நாடா வந்தது. கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். பரல் இல்லை, காந்தம் சுலபமாகத் திரும்புகிறது. மின்சாரத்துக்குத் தடை அதிகம். ஆகவே இரும்புக்குள்ளேயே சுழன்று வீணாகும் மின்சாரமும் குறைகிறது. ஓயாத அந்த வீண் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். ஆனால் உருக்கு தாங்குகிற அளவு காந்தத்தை இது தாங்காது. அதனால் பெட்டி பெரிதாகும்.

2022 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் ஒரு யோசனை சொன்னது. புதுப் பெட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த நாடா வரவேண்டிய அளவுக்கு விதி கடுமை. மூன்று வருஷம் கெடு.

பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊர் திடுக்கிட்டது. டிரான்ஸ்பார்மர் உருக்கு செய்யும் ஆலை அங்கேதான் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவே சோறு. மின்சாரக் கம்பெனிகளுக்கு வேறு கவலை. ஏற்கெனவே பெட்டிகள் கிடைக்காமல் தவிக்கிற காலம். புது நாடாவுக்கு எங்கே போவது?

மிச்சம் நாடு முழுவதற்கும். நஷ்டமோ ஓர் ஊருக்கு. சண்டை சூடானதில் ஆச்சரியம் என்ன?

2024 ஏப்ரலில் சர்க்கார் இறங்கி வந்தது. சுமார் முக்கால் பங்கு பெட்டிகளைப் பழைய உருக்கிலேயே செய்யும்படி விதியைத் தளர்த்தியது. கெடுவும் ஐந்து வருஷமாக, 2029 வரை நீண்டது. கம்பத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட பெட்டிகளை விதி தொடவில்லை.