தோணியை இழுக்கும் கயிறு

துறையை நெருங்கும் தோணிக்குக் கயிறு வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பற்றி இழுத்த பிறகே தோணி அணையும், சரக்கு இறங்கும். வல்ல இறைவன் நம் உயிரணுக்களிலும் இத்தகைய துறைகளை அமைத்திருக்கிறான்.

உயிரணுவினுள் சரக்கேற்றிச் செல்பவை நுண்பைகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் ஒரு கூறளவே இருக்கும். அவை சேருமிடம் வந்ததும் நீண்ட புரதங்கள் எட்டிப் பிடிக்கின்றன. அதன் பின்னரே ‘ஸ்நேர்’ எனும் வேறு புரதங்கள் இரு சவ்வுகளையும் ஒன்றாக்குகின்றன.

1898இல் இத்தாலிய அறிஞர் கமில்லோ கால்ஜி கண்டறிந்த கால்ஜி உறுப்பில், எட்டுப் புரதங்கள் கூடி ‘காக்’ எனும் பிடிகயிறாகின்றன. புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலி பூட்டும் நொதிகளை, உரிய அடுக்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் பைகளை இதுவே பிடிக்கிறது. எட்டில் ஒன்று பழுதானால்? 2004இல் வெளியான ஆய்வுச் செய்தி நெஞ்சை உலுக்குவது. ஏழாம் புரதத்தின் மரபணு பழுதுபட்டு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் கைக்குழந்தைகளாகவே மரணித்தனர்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வார்; தம்மிடம் பழுது உண்டென்றே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய உறவில் மணப்போரிடையே இது நேரக்கூடும் என்பது அதிகம். மார்க்கம் அம்மணத்தை விலக்கவில்லை. நானும் வேண்டாமென்று கூற வரவில்லை. ஆயினும் குடும்பத்தில் காரணம் புலப்படாமல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருந்தால், நிக்காஹ் பேசுமுன் மரபியல் மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள்.