லேப் கோட்: பூஞ்சையைப் பட்டினி போட்டால் எண்ணெய்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காமல் கையைப் பிசையும் பயோடெக், கெமிக்கல், மைக்ரோபயாலஜி மக்களே... இந்த வாரம் உங்களுக்குத்தான்! மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கணக்கு வருது, காசு வருது, கொஞ்சம் சரித்திரமும் வருது.

மண்ணில் வாழும் சில பூஞ்சைகள் தங்கள் உடம்புக்குள்ளேயே எண்ணெயைச் சேர்த்து வைக்கும். காயவைத்த எடையில் 20 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால், அது 'எண்ணெய்ப் பூஞ்சை'. மார்ட்டியரெல்லா, மியூக்கர் எல்லாம் இந்தக் கோஷ்டிதான். நன்றாக வளர்த்தால் சில ரகங்களில் பாதி எடை வரைகூட எண்ணெய் இருக்கும். வைக்கோல், காய்கறிக் கழிவு, வடித்த கஞ்சி என்று நாம் ஒதுக்கும் சமாச்சாரங்களைத் தின்றே இது வளரும் என்பதுதான் ஹைலைட்!

தொப்பை ஃபார்முலா

ஹாஸ்டல் மெஸ்ஸில் சோற்றை மட்டும் அளவில்லாமல் போட்டு, பருப்பையும் முட்டையையும் நிறுத்திட்டா நமக்கு என்ன ஆகும்? தொப்பை! பூஞ்சைக்கும் அதே கதைதான். சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் தீர்ந்துபோக விடணும். நைட்ரஜன் இல்லாமல் புரதம் செய்ய முடியாது. செல் பெருக முடியாது. ஆனால், சர்க்கரை உள்ளே வந்துகொண்டே இருக்கும். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரிக் அமிலம் தேங்கி வெளியே வழியும். அதை ஒரு என்சைம் வெட்டி அசிட்டைல் கோ-ஏ ஆக்கும். அதிலிருந்து கொழுப்பு அமிலம்... அவ்வளவுதான் மேட்டர்!

இந்த வழியைத் தெளிவாக்கியதில் முக்கியமானவர், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காலின் ராட்லெட்ஜ்.

ஜெயித்தும் தோற்ற கதை

ஐடியா புதுசு இல்லை. முதல் உலகப் போரில் கொழுப்புத் தட்டுப்பாட்டில் தவித்த ஜெர்மனியே நுண்ணுயிரிகளிடம் எண்ணெய் கேட்டுப் பார்த்தது. கடைக்கு வந்தது 1985-ல்தான். இங்கிலாந்தின் செல்பி நகரில் ஸ்டர்ஜ் என்ற கம்பெனி, மியூக்கர் பூஞ்சையைப் பிரமாண்டமான தொட்டிகளில் வளர்த்து, காமா லினோலெனிக் அமிலம் நிறைந்த எண்ணெயை விற்றது. 1990-ல் கடையைச் சாத்திவிட்டது! காரணம் டெக்னாலஜி இல்லை, விலை. அதே அமிலம் ஈவினிங் ப்ரிம்ரோஸ், போரேஜ் செடி விதைகளிலிருந்து மலிவாகக் கிடைத்தது.

இன்னொரு பூஞ்சை ஜெயித்தது. 1980-களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த மார்ட்டியரெல்லா ஆல்பினா, அராக்கிடோனிக் அமிலத்தைக் கொட்டியது. தாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பு அது. இன்று குழந்தைகளுக்கான பால் பவுடரில் சேர்க்கும் அந்த எண்ணெய், இந்தப் பூஞ்சை இனம் தருவதுதான். செடிகளால் அதை மலிவாகத் தர முடியாது. அதான் ஜெயித்தது!

அச்சன்புதூர் கணக்கு

தென்காசி மாவட்டம் அச்சன்புதூரை எடுத்துக்குவோம். மேற்கே மலை, அடவிநயினார் அணைத் தண்ணீர், நெல் வயல், தென்னந்தோப்பு. கழிவுக்குப் பஞ்சமா?

முதலில் வைக்கோல். 100 கிலோ காய்ந்த வைக்கோலை உடைத்தால் 40 கிலோ சர்க்கரை வருவதாக வைத்துக்கொள்வோம். 5 கிலோ சர்க்கரைக்கு 1 கிலோ எண்ணெய் என்பது நல்ல லேப் கணக்கு. ஆக, 8 கிலோ. சூப்பர்தானே? ஒரு நிமிஷம்! வைக்கோலில் சர்க்கரை சும்மா இருக்காது. அமிலம், சூடு, என்சைம் என்று செலவழித்து உடைக்கணும். உடைக்கும்போது பூஞ்சையையே முடக்கும் ஃபர்ஃபியூரல் மாதிரி வில்லன்களும் கூடவே வரும். அதைவிடப் பெரிய கேள்வி: வைக்கோல் கழிவா? மாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்க. கட்டுக்கட்டாக லாரி ஏறி கேரளாவுக்குப் போகிற சரக்கு அது. காசு கொடுத்து வாங்கினால் அது கழிவே இல்லை, பாஸ்!

வீட்டுக் கழிவு? மிச்சச் சோறு, கஞ்சி ஓ.கே. ஆனால் பருப்பும் மீனும் கலந்தால் நைட்ரஜன் ஏறிடும். பூஞ்சை வளரும், தொப்பை போடாது. அதனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தால் மட்டும் போதாது. மாவுப் பொருள் தனி, புரதம் தனி என்று பிரிக்கணும்.

என் ஓட்டு தேங்காய்த் தண்ணிக்கு! இளநீர் இல்லீங்க. கொப்பரைக் களத்தில் காய் உடைக்கும்போது தரையில் ஓடுமே, அது. உடைக்கிற வேலையே வேண்டாம், சர்க்கரை கரைந்தே இருக்கு. புரதம் ரொம்பக் கம்மி. ஒரு காய்க்கு 100 மில்லி என்றால், 1,000 காய்க்கு 100 லிட்டர். சர்க்கரை 2 சதவிகிதம் என்று வைத்தால் 2 கிலோ. எண்ணெய் 400 கிராம்.

சிரிக்காதீங்க! அதே 1,000 காயின் கொப்பரையைச் செக்கில் ஆட்டினால் 70, 80 கிலோ எண்ணெய் வரும். அதோடு போட்டி போட்டால் பூஞ்சைக்கு டெபாசிட் காலி. சமையல் எண்ணெயோ பயோடீசலோ செய்து ஊரைப் பணக்காரர் ஆக்குவோம் என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதாதீங்க. ஸ்டர்ஜ் கதை ஞாபகம் இருக்கட்டும்: செடி மலிவாகத் தருவதைப் பூஞ்சையிடம் கேட்கக் கூடாது. அராக்கிடோனிக் அமிலம் மாதிரி கிராம் கணக்கில் விலை போவதைக் கேட்கணும். அப்போதுதான் 400 கிராமுக்கு மரியாதை. ஆனால் அது குழந்தை சாப்பிடும் பொருள். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்ததில் செய்ய முடியாது. தரையில் ஓடும் தண்ணியைச் சுத்தமான டிரம்மில் பிடிச்சாகணும். சவால் பாதி லேபில், பாதி கொப்பரைக் களத்தில்!

களத்தில் இறங்கணுமா?

தென்னந்தோப்பு மண் ஒரு கிராம். நீரில் படிப்படியாகக் கரைத்து, உருளைக்கிழங்கு அகாரில் பரப்புங்க. பாக்டீரியாவைத் தடுக்க ஆன்டிபயாடிக் சேருங்க. வளரும் பூஞ்சையைச் சுடான் பிளாக் சாயத்தில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கொழுப்புத் துளிகள் கருநீலமாக மின்னும். அதுதான் உங்க ஹீரோ! ஃப்ளாஸ்க்கில் சில நாள் வளர்த்து, வடிகட்டி, காயவைத்து, எண்ணெயைப் பிரித்து எடை போடுங்க. 20 சதவிகிதம் தாண்டினால் பார்ட்டி! பூஞ்சை இழை இழையாக வளர்வதால் ஈஸ்ட்டைவிட வடிகட்டுவது சுலபம் என்பது போனஸ்.

ஒரு கண்டிஷன். ஹாஸ்டல் ரூமில் வேண்டவே வேண்டாம். மண்ணில் எண்ணெய் தருகிறவனும் இருக்கான், அஃப்லடாக்சின் விஷம் கக்கும் ஆஸ்பர்ஜில்லஸும் இருக்கான். 2021-ல் நாடே பயந்த 'கருப்புப் பூஞ்சை' நோய், மியூக்கர் வகையறா தந்ததுதான். முறையான லேப், கூடவே ஒரு புரொஃபசர்... இரண்டும் கட்டாயம். தென்காசிப் பக்கத்து மக்கள், ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தில் போய்ப் பேசிப் பாருங்க.

முதல் வேலை லேபில்கூட இல்லை. பக்கத்து கொப்பரைக் களத்துக்குப் போய், 'அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை காய் உடைப்பீங்க? தண்ணி எங்க போகுது?' என்று கேளுங்க. பதிலை நோட்டில் எழுதுங்க. உங்க ப்ராஜெக்ட்டின் முதல் அட்டவணை ரெடி!