வரி முந்தியது, வாய்க்கால் எங்கே?

யாழ்ப்பாண நகரின் எல்லையைத் தாண்டிக் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் சென்று பாருங்கள். நேற்றுவரை தோட்டமாகவும் வயலாகவும் கிடந்த காணி இன்று துண்டு துண்டாக விலைபோகின்றது. பிரித்து விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். வாங்கியவர் வீடு கட்டிக் குடிபுகுந்துவிட்டார். மாரி வந்ததும் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கின்றது, வடிய வழியில்லை. 2024 நவம்பரில் குடாநாடு வெள்ளத்தின் கொடுமையை நேரிற் கண்டது. இப்புதிய குடியிருப்புகளின் வீதிக்கும் வாய்க்காலுக்கும் விளக்குக்கும் பணங்கொடுக்க வேண்டியவர் யார்?

சபைகள் கூறும் விடை சோலைவரி என்பதே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு, கட்டடங்கள் நிறைந்த இடமெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளில், ஆதனங்களின் ஆண்டுப் பெறுமதி மீது வரி விதிக்கச் சபைகளுக்கு அதிகாரமளிக்கின்றது. ஊர் முழுவதற்குமன்றி ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் வரியெல்லை கீறும் அதிகாரம் இது.

வரியே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. வசதி வேண்டும், வரி வேண்டாம் என்பவன் அயலான் முதுகில் ஏறிச் சவாரி செய்ய விரும்புகின்றான். பழைய ஊரவரின் பணத்தில் புதிய காணிகளுக்கு வீதி போடுவதும் நியாயமன்று. ஆனால், பிரகடனத்துக்குச் சட்டம் பார்ப்பது வீடுகள் நிறைந்தனவா என்பதையே. வாய்க்கால் உண்டா என்பதையன்று. வசூலாகும் பணமோ சபையின் பொது நிதியிற் கலந்துவிடுகின்றது. எந்த ஒழுங்கையின் வரி எந்த ஒழுங்கைக்குப் பயன்பட்டது என்று வரியிறுப்பாளன் எவ்வாறு அறிவான்?

பிறநாடொன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978இல் ஆதனவரிக்கு உச்சவரம்பு இடப்பட்டது. புதுக்குடியிருப்புகளுக்குப் பணந்தேட 1982இல் மெல்லோ–ரூஸ் சட்டம் பிறந்தது. அதன்படி புதிய குடியிருப்பு ஒன்றைத் தனி வரிவட்டமாக்கி, கடன் பெற்று வீதியும் குழாயும் அமைத்து, அவ்வட்டத்தாரின் வரியாலேயே கடனைத் தீர்க்கலாம். நகரசபைகள் முன்கூட்டியே ஆராய்கின்றன. காணியின் பெறுமதி கடனைப்போல் மும்மடங்காவது உண்டா? எல்லா ஆதனவரிகளும் சேர்ந்து வீட்டின் விலையில் நூற்றுக்கு 2க்கு மேற்போகாதா? வாங்குபவனுக்கு இவ்வரி எழுத்தில் அறிவிக்கப்பட்டதா? திரட்டிய பணம் குறித்த பணிக்கன்றி வேறெதற்கும் செல்லாது.

அங்கும் ஓர் ஓட்டை உண்டு. வட்டத்தில் 12 வாக்காளருக்குக் குறைவாயின் காணிச் சொந்தக்காரருக்கே வாக்கு. ஆகவே வீடுகள் எழுமுன்னர் காணி வணிகர் தாமே வாக்களித்து வரியை நிறுவிவிடுவார். பின்னர் வந்து வாங்குபவன் பல்லாண்டுகள் இறுப்பான். அவர்களின் ஆராய்ச்சியை ஏற்போம், ஓட்டையை ஏற்கோம்.

இங்கோ ஓட்டைக்குக் குறைவில்லை. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிப்பவர், வீதி நீங்கலாக நூற்றுக்கு 10 பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டுமென 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகள் வகுத்தன. ஒரு ஹெக்டேயருக்குச் சற்றுக் குறைவாக இரண்டு மூன்று தடவை பிரித்தால் அவ்விதி எங்கே நிற்கும்? நம் காலடியில் இருப்பதோ சுண்ணக்கல். அதனூடே மலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குச் செல்லும். ஆறில்லாத நாட்டில் கிணறு கெட்டால் எந்த வரி அதை மீட்கும்?

நம் கோரிக்கை நான்கு. வீதியும் வடிகாலும் அமைக்கும் செலவில் தம் பங்கைக் காணி விற்பவர் முதலில் கட்டட்டும். அதன் பின்னரே பிரிப்புக்கு அனுமதி. வரியெல்லை கீறுமுன் செய்யப்போகும் பணியும் காலமும் செலவும் வெளியிடப்படட்டும். அவ்வெல்லையின் வரி தனிக்கணக்கில் வைக்கப்பட்டு ஆண்டுதோறும் கணக்குக் காட்டப்படட்டும். அங்கு வாழும் மக்களின் சம்மதம் பெறப்படட்டும்.

இவற்றுட் சில சபைத் தீர்மானத்தாலேயே ஆகும். சிலவற்றுக்குச் சட்டம் வேண்டும். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த உள்ளூராட்சிச் சபையும் வரி விதிக்க முடியாதென அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை விதித்துள்ளது. நல்லது. ஆனால் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை நம் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை. வரிச்சீட்டு மட்டும் நின்றதா? தேர்தலைத் தாமதித்தது அடிப்படை உரிமை மீறலென்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபையின் கதையையும் நாம் அறிவோம்.

இன்று சபைகளில் அமர்ந்திருப்போர் நம் வாக்கால் அமர்ந்தவர்கள். அவர்களிடம் கேட்போம்: வரிச்சீட்டை நீட்டும் கையில் கணக்குப் புத்தகமும் உண்டா? உண்டெனில் மனமுவந்து இறுப்போம். இல்லையெனில் அது வரியன்று, தண்டம்.