திருமுக்கூடல் சாசனமும் இணையமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயத்திலே, 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் ஆட்சியில் பொறிக்கப்பட்ட நெடுஞ்சாசனமானது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையையும், அங்கே ஊழியம் புரிந்த வைத்தியர், சல்லியக் கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்குரிய ஊதியத்தையும், வாஸா ஹரீதகி, தசமூல ஹரீதகி முதலான ஔஷதங்களையும் விரித்துரைக்கின்றது. வைத்திய நிர்வாகத்துக்கு இத்துணை நுட்பமான பழைய ஆவணம் நம் நாட்டில் அபூர்வம்.

'எபிகிராபியா இண்டிகா' என்னும் ஆங்கிலச் சாசன வெளியீட்டின் 21ஆம் தொகுதியில் அச்சேறிய அச்சாசனம் இன்று இணையத்திலும் கிடைக்கின்றது. ஆயினும், அச்சிட்ட பக்கங்களை நிழற்படமாக்கி ஏற்றியதோடு காரியம் பூர்த்தியாயிற்று என்று எண்ணுவது பெரும் பிழையாகும். ஒரு மருந்தின் பெயரைத் தட்டிய மாத்திரத்தில், அது வரும் வரியும், கல்லின் படமும், தமிழில் பொருள் விளக்கமும் ஒருங்கே தோன்றுமாறு எழுத்துருவாக்கினாலன்றோ, ஆங்கிலப் பதிப்பை நாட இயலாத சித்த வைத்திய மாணவனும் அதனை ஆராயக்கூடும்! மறுபதிப்பை எதிர்பாராமல் பிழை திருத்தும் சௌகரியம் இணையத்துக்கு உண்டு. எனினும், எந்நாளில் எது திருத்தப்பட்டது என்ற குறிப்பு உடனில்லையேல், ஆவணத்தின் பிரமாணமே கெடும். இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று அச்சுப் பிரதிகளையும் கழித்துவிடலாகாது.

தொல்லியல் துறையினர், சாசனங்களை இவ்வாறு எழுத்துருவாக்கும் திருப்பணியைத் திருமுக்கூடல் சாசனத்திலிருந்தே தொடங்குமாறு வேண்டுகிறேன்.