சொக்சோ யாரும் போடும் பிச்சையல்ல!

"சொக்சோவில் இத்தனை வருஷமாகக் கட்டுகிறோமே, அந்தக் காசை எப்போது எடுக்கலாம்?"

கூலிம், பாடாங் செராய், பீடோங், பாலிங் என்று கெடா தோட்டங்களில் எங்கே போனாலும் நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சேமநிதியில் போடுவது நம் பெயரில் சேர்ந்து வட்டியோடு திரும்பி வருகிறது. சொக்சோ அப்படியல்ல. அது காப்புறுதி. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைக்கிறோம். எவன் வீட்டில் இடி விழுகிறதோ அவன் வீட்டுக்குப் போகிறது. நமக்கு ஒன்றும் நேராமல் ஓய்வு பெற்றால், போட்ட காசு போனதே என்று வருந்த வேண்டாம். கை கால் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம் என்று சந்தோஷப்படுவோம்.

ஆனால் இடி விழுந்த வீட்டுக்கும் பணம் போய்ச் சேரவில்லை என்றால், அங்கேதான் நாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் தொடங்கியது சொக்சோ. அதில் இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று வேலை விபத்துக்கு. இன்னொன்று, வேலை செய்ய முடியாதபடி உடல் கெட்டுப் போனால். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி 1.75 விழுக்காடு கட்டுகிறார், நாம் அரை விழுக்காடு கட்டுகிறோம். 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு மாதம் எட்டு வெள்ளி சொச்சம் பிடிபடும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வேலை விபத்துத் திட்டத்துக்கான 1.25 விழுக்காடு முழுவதும் முதலாளி பொறுப்பு. நாம் கொடுக்கும் அரை விழுக்காடு இரண்டாவது திட்டத்துக்குப் போகிறது.

அடுத்த கேள்வி: "தப்பு என்னுடையதுதான், எப்படிக் கேட்பது?" தாராளமாகக் கேட்கலாம். இது கோர்ட்டு வழக்கல்ல. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்ததா என்பதே முக்கியம். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் உண்டு. ஆனால் வழக்கமான பாதையில் போயிருக்க வேண்டும். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. அப்படி நேர்ந்தால் உடனே போலீஸ் புகார் செய்து அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

டாக்டர் கொடுக்கும் எம்.சி. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விரலோ கண்ணோ போய்விட்டால், மருத்துவ வாரியம் எத்தனை விழுக்காடு ஊனம் என்று கணிக்கும். 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் மொத்தத் தொகையாகக் கிடைக்கும். மேற்பட்டால் ஒரு பகுதியை மொத்தமாகவும் மீதியை மாதாமாதமும் வாங்கலாம், அல்லது முழுவதையும் மாதாமாதமே வாங்கலாம். கணிப்பு குறைவு என்று பட்டால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தில் நடப்பது என்ன? செம்பனை முள் கையில் குத்துகிறது. மட்டை சரிந்து தோளில் அடிக்கிறது. "சின்னக் காயம்தானே, ரெண்டு நாள் லேசான வேலை தர்றேன், ஆபீஸ் வரைக்கும் போக வேணாம்" என்கிறார் மண்டோர். நம் ஆளும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்கிறான். மூன்றாம் வாரம் கை சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் விரலை எடுக்கிறார்கள். அப்போது, எந்த நாள், எந்த மலை, யார் பார்த்தார்கள் என்ற கேள்விகள் வரும். பதில் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இராது.

நம் கருத்து இதுதான்: சொக்சோ பணத்தை நம்மிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் சட்டமல்ல, "சின்னக் காயம்தானே" என்ற அந்த ஒரு வார்த்தைதான். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அது அவர் காட்டும் கருணையல்ல, அவர் கடமை. புகார் செய்தால் துரை கோபிப்பாரே என்று தயங்குகிறோம். துரையின் கோபம் ஒரு வாரத்தில் ஆறும். போன விரல் முளைக்காது.

கண்டிராக்டரிடம் வேலை செய்பவர்கள் நிலை இன்னும் மோசம். "உங்களுக்கெல்லாம் சொக்சோ கிடையாது" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தவறு! அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தால் அவர் கட்டியே ஆக வேண்டும். கட்டாமல் விட்டிருந்தாலும் வேலை விபத்துக்கு நீங்கள் கேட்கலாம். கூட வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கண்டிராக்டர் கட்டாததால் வரும் நஷ்டம் இரண்டாவது திட்டத்தில்தான் அதிகம். சர்க்கரை வியாதியால் கால் போனவர், சிறுநீரகம் பழுதானவர் நம்மில் எத்தனை பேர்! வேலை செய்ய முடியாது என்று 60 வயதுக்கு முன் உறுதியானால் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. தகுதியுள்ளவருக்கு டயாலிசிஸ் செலவுக்கும் உதவி உண்டு. தகுதியுள்ள சந்தாதாரர் மாரடைப்பால் வீட்டிலேயே இறந்தாலும் மனைவி மக்களுக்குப் பென்ஷன் உண்டு. ஆனால் சந்தா பதிவாகியிருக்க வேண்டும். முழுத் தகுதிக்கு ஒரு வழி, முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா இருப்பது. கண்டிராக்டர் விழுங்கிய ஒவ்வொரு மாதமும் ஒரு விதவையின் அரிசிப் பானையில் கை வைப்பதற்குச் சமம்.

சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். குறைத்துக் காட்டினால் நாளை கிடைப்பதும் குறையும். சந்தேகம் இருந்தால் அடையாளக் கார்டோடு சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். எவ்வளவு சிறு காயமானாலும் அன்றைக்கே ஆபீசில் சொல்லுங்கள். கிளினிக் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் பெயரை எழுதி வையுங்கள்.

சங்கக் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை. திருவிழாக் கணக்குக்கு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். விபத்துக் கணக்குக்கும் ஒரு நோட்டு வையுங்கள். நாள், இடம், காயம், சாட்சி என்று நான்கு வரி எழுத படித்த பிள்ளை ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. அந்த நான்கு வரி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.